டிஸ்ட்ரோ மாறிப் பட்ட பாடு: உங்கள் கதையையும் எழுதுங்கள்

லினக்ஸ் டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் இயங்குதளத்தின் வெவ்வேறு வடிவங்கள்) உபுண்டுவில் ஆரம்பித்து, டெபியன் போய், ஃபெடோராவில் இரண்டு வருடம் இருந்துவிட்டுப் போன சனிக்கிழமை மறுபடி டெபியனுக்கே வந்துவிட்டேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஃபெடோராவில் ஒரு பதிப்புக்கு ஏறக்குறைய 13 மாதம்தான் ஆயுள். அந்த ஓட்டம் அலுத்துவிட்டது.

என் கோப்புகள் இருக்கும் ஹோம் பார்ட்டிஷனை (வட்டின் ஒரு பகுதி) தனியாக வைத்திருந்ததால் சிஸ்டம் இருக்கும் ரூட்டை மட்டும் அழித்துப் போட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. நிரல்கள் தம் அமைப்புகளை எழுதிவைக்கும், பெயருக்கு முன்னால் புள்ளி வைத்த மறைகோப்புகளும் பத்திரமாக இருந்தன, அதுதான் வினை. ஃபெடோராவின் புதிய பிளாஸ்மா (டெஸ்க்டாப் சூழல்) எழுதிவைத்த அமைப்புகளை டெபியனில் உள்ள பழைய பிளாஸ்மா அரைகுறையாகப் புரிந்துகொண்டு, பேனலே இல்லாத திரையைக் காட்டியது. ஃபயர்பாக்ஸில் புக்மார்க் ஒன்றுகூட இல்லை. பழைய ப்ரொஃபைலைக் கையால் தேர்ந்தெடுத்தால், இது புதிய பதிப்பில் பயன்படுத்தியது, இங்கே திறக்க முடியாது என்கிறது. 2019-இல் வந்த 67-ஆம் பதிப்பிலிருந்தே இந்தப் பாதுகாப்பு இருக்கிறதாம். பின்னோக்கிப் போகும்வரை யாருக்குத் தெரியும்? கடைசியில் புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி, ஆவணங்களை மட்டும் அதற்கு மாற்றிக்கொண்டேன்.

அடுத்தது பொதிகள், அதாவது நிறுவும் மென்பொருள்கள். ஃபெடோராவில் நானாக நிறுவியவற்றின் பட்டியலை முன்பே எடுத்து வைத்திருந்தேன், நூற்றுக்கு மேல் பெயர்கள். அதை அப்படியே டெபியனில் பொதிகளை நிறுவும் ஆப்ட்டிடம் கொடுத்தால் பாதிக்கு மேல் 'கிடைக்கவில்லை'. அங்கே 'டெவெல்' என்று முடிவது இங்கே 'டெவ்'. அங்கே 'ஹெச்டிடிபிடி', இங்கே 'அப்பாச்சி2'. லோஹித் தமிழ் எழுத்துருவுக்குக்கூட இரண்டு இடத்திலும் இரண்டு பெயர். ஒவ்வொன்றாகத் தேடி உட்கார்ந்ததில் ஒரு நன்மை: பட்டியலில் இருந்த முக்கால்வாசியை எதற்காக நிறுவினேன் என்றே நினைவில்லை, விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் தமிழ்99 நன்றாக வேலை செய்தது. ஞாயிறு காலை விசைப்பலகைப் பட்டியலிலேயே இல்லை. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

*

தமிழ்99 பற்றித் தெரியாது. என் கதை வேறு.

உபுண்டுவில் பைத்தான் நிரல்மொழியின் புது பதிப்பைத் தனியாகப் போட்டுக்கொண்டு, பழையது எதற்கு இடத்தை அடைக்கிறது என்று ஆப்ட் வழியாக நீக்கினேன். நீக்கப்படும் பொதிகள் என்று திரை நிறைய ஓடியது. 'தொடரலாமா' என்றது. ஒய் (ஆம்) என்று அடித்தேன். சிஸ்டத்தின் பாதிக் கருவிகள் அந்தப் பைத்தானை நம்பித்தான் நிற்கின்றன என்பது ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் உறைத்தது. டெஸ்க்டாப் இல்லை, கறுப்புத் திரையில் லாகின் மட்டும் கண் சிமிட்டியது.

காப்பாற்றியது ஒரு கோப்பு. வார் (var) டைரக்டரியில் லாக், அதற்குள் ஆப்ட், அதில் 'ஹிஸ்டரி'. எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு எதையெல்லாம் நிறுவினோம், நீக்கினோம் என்று வரிசையாக எழுதி வைத்திருக்கும். அந்தப் பட்டியலை எடுத்து அப்படியே திரும்ப நிறுவினேன். நல்ல வேளை, நெட் கேபிள் செருகியிருந்தது.

*

ஃபெடோராவை விட்டு வந்தவருக்கு: ஃபெடோராவின் பொதி நிறுவியான டிஎன்எஃப்பில் இதற்கு 'ஹிஸ்டரி அன்டூ' என்று ஒரு கட்டளையே உண்டு. சும்மா சொல்லி வைத்தேன்.

*

ஆர்ச் என்ற டிஸ்ட்ரோவின் கோஷ்டி சார்பில் நான். அதன் பொதி நிறுவியான பேக்மேனில் பட்டியலை மட்டும் புதுப்பித்துவிட்டு ஒரே ஒரு பொதியை நிறுவினேன். முழு மேம்படுத்தலுக்கு அன்று பொறுமை இல்லை. அந்தப் பொதி தன்னோடு ஒரு நூலகத்தின் (பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பு) புது பதிப்பை இழுத்து வந்தது. மற்ற நிரல்கள் எல்லாம் பழையதைத் தேடின. அப்படித் தேடியதில் பேக்மேனும் ஒன்று! மருந்துப் பெட்டியின் சாவி பெட்டிக்குள்ளேயே மாட்டிக்கொண்ட நிலை. லைவ் பென்டிரைவில் பூட் செய்து, அதிலிருந்த பேக்மேனை வைத்து வட்டில் கிடந்த சிஸ்டத்தை முழுவதுமாக மேம்படுத்தினேன். பாதி மேம்படுத்தலுக்கு ஆதரவு கிடையாது என்று ஆர்ச் விக்கியில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். நான் அதை அன்று இரவுதான் படித்தேன்.

*

டெபியன் ஸ்டேபிளில் (நிலையான பதிப்பு) அன்ஸ்டேபிளின் (இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் பதிப்பு) ரெப்போவை, அதாவது பொதிக் களஞ்சியத்தை, சேர்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஒரு வீடியோ எடிட்டரின் புது பதிப்புக்காகச் சேர்த்தேன். அது புதிய சி நூலகத்தைக் கேட்டது, அந்த நூலகம் வேறு சிலவற்றைக் கேட்டது, விடிவதற்குள் என்னிடம் இருந்தது ஸ்டேபிளும் இல்லை, அன்ஸ்டேபிளும் இல்லை. இதற்கு ஃப்ராங்கன்டெபியன் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஆப்ட்டுக்கு மேலே ஏறத் தெரியும், பத்திரமாகக் கீழே இறங்கத் தெரியாது. மறுபடி முதலிலிருந்து நிறுவினேன்.

இப்போது அடித்தளம் முழுக்க டெபியன் ரெப்போ, புது பதிப்பு வேண்டிய நாலைந்து ஆப் மட்டும் ஃப்ளாட்பேக் (சிஸ்டத்திலிருந்து தனியாக ஆப்களை நிறுவும் முறை). முதல் தடவை ஒரு குட்டி ஆப்பைக் கேட்டால்கூட அதன் ரன்டைம் (ஆப் ஓடத் தேவையான நூலகங்கள்) என்று சில நூறு எம்பி இறங்கும், அது எரிச்சல்தான். ஆனாலும் அது சிஸ்டத்தின் நூலகங்களைத் தொடுவதில்லை, எனக்கு அது போதும்.

*

முதலில் எழுதியவன்தான். அந்த ஹிஸ்டரி கோப்பைத் திறந்து பார்த்தேன். சனிக்கிழமை இரவு 11:52, நீக்கியவை: ஐபஸ், ஐபஸ்-எம்17என். ட்ரேயில் ஏதோ ஒரு ஐகான் கண்ணை உறுத்துகிறதே என்று தூக்கக் கலக்கத்தில் நானேதான் நீக்கியிருக்கிறேன். ஐபஸ் என்பது தட்டச்சு முறைகளை மாற்றித் தரும் கருவி, எம்17என் அதற்கான பல மொழித் தட்டச்சுத் தொகுப்பு. எம்17என்னுக்கு ஐபஸ் வேண்டும், தமிழ்99-க்கு எம்17என் வேண்டும். மூன்றும் சேர்ந்து போய்விட்டன.

திரும்ப நிறுவிவிட்டேன். இதைத் தமிழ்99-இல்தான் அடிக்கிறேன். ஐகான் அப்படியே இருக்கட்டும்.