சாமி அளவு சொல்லாத தோட்டாவுக்கு மருந்து இடலாமா?

இரணியல்காரன், மொன்டானாவிலிருந்து:
இரண்டு வருடச் சேமிப்பு ஒருவழியாகத் துப்பாக்கியாகிவிட்டது. 6.5-06 ஆக்லி என்ற தோட்டாவுக்கானது; ஆக்லி என்ற அமெரிக்கத் துப்பாக்கிக் கம்மியரின் பாணியில் வகுத்தது. எந்தக் கடையிலும் தோட்டா கிடைக்காது, நாமே கூட்டில் வெடிமருந்து இட்டுச் செய்துகொள்ள வேண்டும். .25-06 தோட்டாவின் பித்தளைக் கூடுகளை வாங்கி, கழுத்தை 6.5 மில்லிமீட்டர் குண்டுக்கு விரித்து, ஒரு முறை சுட்டால் போதும். கூடு துப்பாக்கி அறையின் வடிவத்துக்கே ஊதிக்கொள்கிறது. சரிந்திருந்த உடல் நேராகிறது, தோள் 40 டிகிரிக்கு நிமிர்கிறது. 40 கூடுகள், ஒவ்வொன்றும் ஐந்து முறை சுட்டாயிற்று. கூட்டின் அடியில் ஊசி அடிக்கும் பிரைமர், அழுத்தம் மிஞ்சினால் தட்டையாகும்; தட்டையாகவில்லை. அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் எண்ணெய் விட்ட கதவைப்போல மூடித் திறக்கிறது. போன மாதம் இங்கே ‘வைல்ட்கேட் தோட்டா (நிறுவனங்கள் செய்யாத, தனியார் பட்டறையில் உருவான தோட்டா) வீண் விபரீதம்’ என்று எழுதிய தக்கலை ஐயாவின் பார்வைக்கு.

தக்கலை ஆர்மரர் (ஓய்வு):
பார்த்தேன் தம்பி. துப்பாக்கி அழகாகத்தான் இருக்கிறது. நீ எழுதியதில்தான் எனக்குச் சந்தேகம்.

தோட்டாவுக்கு உச்ச அழுத்தம் இவ்வளவு என்று அமெரிக்காவில் அளந்து சொல்வது உற்பத்தியாளர் கழகம். அதன் பெயரைச் சுருக்கினால் நம் காதில் ‘சாமி’ என்று விழும். .30-06 தோட்டாவுக்குச் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு என்று அந்தச் சாமி சொல்லியிருக்கிறது. உன் தோட்டாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. வரம் கொடுக்க சாமியே இல்லாத கோயிலில் நீ பூசாரியாக உட்கார்ந்திருக்கிறாய்.

பிரைமர் தட்டையாகவில்லை என்பது சான்று ஆகாது. பிரைமருக்குப் பிரைமர் உலோகத்தின் கடினம் வேறு. போல்ட் இறுகி, கூட்டின் அடியில், கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரின் தடம் பதியும்போது அழுத்தம் பெரும்பாலும் வரம்பைத் தாண்டிப் போயிருக்கும். மணி அடித்த பிறகு ரயிலைப் பிடிக்க ஓடுகிற கதை.

இரணியல்காரன்:
ஐயா, சாமி ஏற்காத தோட்டாக்கள்தான் பிறகு சாமியாடின. .22-250 பல வருடம் அநாதையாக இருந்தது. 1965இல் ரெமிங்டன் நிறுவனம் அதைத் தத்தெடுத்தது. நான் கழுத்தை விரிக்கிறேனே, அந்த .25-06 கூட 1969 வரை வைல்ட்கேட்தான். .280 ஆக்லிக்குக் கழகத்தின் ஏற்பு 2007இல் கிடைத்தது. யாரோ ஒருவன் பட்டறையில் தொடங்காமல் எதுவும் வரவில்லை.

நான் கண்ணை மூடிக்கொண்டு மருந்து கொட்டவில்லை. சுட்ட கூட்டில் தண்ணீர் நிரப்பி எடை பார்த்து, கொள்ளளவைக் கணக்கிட்டேன். சாதாரண 6.5-06க்குக் கையேடு சொல்லும் தொடக்க அளவில் ஆரம்பித்துச் சிறிது சிறிதாகத்தான் ஏறினேன். ஒவ்வொரு குண்டின் வேகத்தையும் கருவியில் அளக்கிறேன். குண்டின் எடையும் குழலின் நீளமும் தெரிந்தால் வேகமே ஓரளவு அழுத்தமானி. நாம் உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்த்த மண்ணைச் சேர்ந்தவர்கள் என்பதையும் ஐயா மறக்க வேண்டாம்.

தக்கலை ஆர்மரர் (ஓய்வு):
உதயகிரி என் வீட்டிலிருந்து நடை தூரம். மார்த்தாண்ட வர்மாவின் தளபதி டிலனாய் அங்கே வார்த்த பீரங்கிக்குப் போட்டது கரிமருந்து. கோயிலில் கதினா வெடிக்கு இடிக்கிறார்களே, அதே குடும்பம். அழுத்தம் ஏறினாலும் அது எரியும் வேகம் அவ்வளவாக மாறாது. நீ போடும் புகையில்லா மருந்து அப்படியில்லை. அழுத்தம் ஏற ஏற வேகமாக எரியும். வேகமாக எரிய எரிய அழுத்தம் இன்னும் ஏறும். உச்சிக்கு அருகில் கடைசியாகச் சேர்க்கும் அரை கிரெய்ன் எடை மருந்து, கீழே சேர்த்த அரை கிரெய்னைப்போல நடந்துகொள்ளாது.

வேகமானி வைத்திருப்பது நல்லது, அதை ஒப்புக்கொள்கிறேன். எதிர்பார்த்ததைவிட வேகம் கூடினால் ‘துப்பாக்கி நன்றாக அமைந்துவிட்டது’ என்று மகிழ்பவன் முட்டாள். அங்கேயே நிறுத்துபவன் பிழைப்பான். இன்னொன்று: மொன்டானாக் குளிரில் சரியாக இருந்த அளவு, வெயிலில் நிறுத்திய காரில் கிடந்த தோட்டாவில் சரியாக இருக்காது. மருந்து டப்பா மாறினாலும் மறுபடி கீழே இறங்கித் தொடங்க வேண்டும்.

வடசேரிப் பட்டறை:
எனக்குத் துப்பாக்கி தெரியாது, பித்தளை தெரியும். தட்டத் தட்ட அது இறுகும், பிறகு வெடிக்கும். நடுவில் காய்ச்சி இளக்க வேண்டும். தம்பி, கழுத்தை விரித்தாயே, காய்ச்சினாயா? காய்ச்சினால் முழுக் கூட்டையுமா?

இரணியல்காரன்:
கழுத்தையும் தோளையும் மட்டும் அண்ணாச்சி. சுழற்றிக்கொண்டே சில விநாடி தீயில் காட்டுகிறேன்.

வடசேரிப் பட்டறை:
அப்படியானால் சரி. நாங்கள் பாத்திரத்தை முழுதாகப் பழுக்கவைப்போம். நீ அடிப்பாகத்தையும் அப்படி இளக்கிவிட்டால், அழுத்தத்தைத் தாங்க வேண்டிய இடம் களிமண்ணாகிவிடும்.

தக்கலை ஆர்மரர் (ஓய்வு):
அண்ணாச்சி சொல்வதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய கதை உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் மழைக்காலம் வந்தால் சேமிப்பில் இருந்த தோட்டாக் கூடுகள் தாமாக விரிசல் விட்டன. குதிரை லாயத்து மூத்திரத்தின் அமோனியாவும் பித்தளைக்குள் தங்கியிருந்த இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை. ‘பருவ விரிசல்’ என்றே அதற்குப் பெயர் விழுந்தது. காய்ச்சி இறுக்கத்தைப் போக்கியபின் தொல்லை அடங்கியது.

அருமனைத் தோட்டக்காரன்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். பன்றி வந்து மரச்சீனியை ஒரு மூடு விடாமல் கிளறிவிடுகிறது. என்னிடம் உரிமம் உள்ள .315 இருக்கிறது. காலிக் கூடுகளும் நிறைய உண்டு. இதேபோல் நானும் மருந்து இடலாமா?

தக்கலை ஆர்மரர் (ஓய்வு):
கூடாது. துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் தோட்டா செய்யும் உரிமம் ஆகாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அதற்குத் தனி உரிமம் கேட்கிறது. மீறினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு வருடம், மேலே ஆயுள் வரை. பன்றிக்கு வனத்துறையிடம் மனு கொடுங்கள்.

இரணியல்காரன்:
இதில் நானும் ஐயாவும் ஒரே கட்சி. இங்கே எனக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது, அங்கே உங்களுக்குக் கொடுக்கவில்லை.

ஐயா, ஒரு சின்னச் சந்தேகம். சில கூடுகளில் அடிக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிகிறது. கூட்டை அழுத்தி வடிவமாக்கும் டை உரசிய தடம்தானே?

தக்கலை ஆர்மரர் (ஓய்வு):
சின்னச் சந்தேகமா? முதலில் துப்பாக்கியை உள்ளே வைத்துப் பூட்டு.

ஒரு கம்பியின் நுனியைக் கொக்கிபோல வளைத்துக் கூட்டுக்குள் விட்டு, அந்த இடத்தில் சுவரோடு மேலும் கீழும் இழுத்துப் பார். பள்ளத்தில் தடுக்கினால், அங்கே கூடு அறுந்துகொண்டிருக்கிறது. ஒன்றை நீளவாக்கில் அறுத்துப் பார். கழுத்தை விரித்தபோது டையை எவ்வளவு இறக்கினாய்?

இரணியல்காரன் (இரண்டு நாள் கழித்து):
கம்பி 11 கூடுகளில் தடுக்கியது. ஒன்றை அறுத்தேன். உள்சுவரில் நகத்தால் கீறியதுபோல் சுற்றிலும் ஒரு கோடு. டையை அடிவரை இறக்கித்தான் வைத்திருந்தேன்.

தக்கலை ஆர்மரர் (ஓய்வு):
அதுதான். டை தோளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. ஆக்லியின் ஏற்பாட்டில் அறை, மூலத் தோட்டாவின் அறையைவிட அங்குலத்தின் ஆயிரத்தில் நான்கு பங்கு குறைவாக வெட்டப்பட்டிருக்கும். கழுத்தும் தோளும் கூடும் இடத்தில் தோட்டா மெல்ல நசுங்கி இறுக நிற்கும். கூட்டை முதல் சூட்டில் பிடித்து வைப்பது அந்த இடம்தான். உன் கூட்டில் அந்தப் பிடி போயிற்று. ஊசி அடித்ததும் கூடு முன்னால் போனது, முன்பாதி அறைச் சுவரைக் கவ்வியது, அடி மட்டும் பின்னால் போல்ட்டில் போய் மோதியது. நடுவில் பித்தளை இழுபட்டு மெலிந்தது. பிறகு ஒவ்வொரு முறையும் டையில் அதேபோல் அழுத்தி அதை வளர்த்திருக்கிறாய்.

போல்ட் எண்ணெய் விட்ட கதவுபோல மூடியது என்று பெருமையாக எழுதினாயே. முதல் சூட்டுக்கு அது அப்படி மூடவே கூடாது. கை சற்றே எதிர்ப்பை உணர வேண்டும். கூடு இரண்டாக அறுந்திருந்தால் அந்த வாயு உன் முகத்தைத் தேடி வந்திருக்கும்.

இரணியல்காரன்:
மருந்தின் அளவில் என்னைத் தோற்கடிப்பீர்கள் என்று நினைத்தேன். டையில் தோற்றேன். 40 கூடுகளையும் வாயை நசுக்கி ஒதுக்கிவிட்டேன். புதிதாக 50 வாங்கியிருக்கிறேன். இந்த முறை டையைக் கால் சுற்று காலாக இறக்கி, போல்ட் இறுக்கமாக மூடும் இடத்திலேயே நிறுத்தப் போகிறேன். ஆனாலும் வைல்ட்கேட் வீண் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தக்கலை ஆர்மரர் (ஓய்வு):
நான் சொல்வதை நிறுத்தவும் மாட்டேன். கடையில் கிடைக்கும் தோட்டா செய்யாத எதை இது செய்துவிடப் போகிறது? முதல் கூட்டைச் சுட்டதும் அறுத்துப் படம் போடு. கண்ணாடி அணிந்துகொள்.

வடசேரிப் பட்டறை:
அந்த 40 கூட்டையும் எறிந்துவிடாதே தம்பி. நல்ல பித்தளை. ஊருக்கு வரும்போது கொண்டு வந்தால் உருக்கி ஒரு குத்துவிளக்கு செய்து தருகிறேன்.

தக்கலை ஆர்மரர் (ஓய்வு):
அண்ணாச்சி, அவனை உள்ளே தள்ளப் பார்க்கிறீர்களா? பையில் ஒரு காலிக் கூடு கிடந்தாலும் விமான நிலையத்தில் விளக்கம் சொல்லி மாளாது.