தேர் நிலைக்கு வந்த பிறகு ஊருக்கு என்ன மிச்சம்?

கல்பாத்தி மெஸ்:
ஐப்பசிக் கடைசியில் எங்கள் பாலக்காட்டுக் கல்பாத்தித் தேர். விசுவநாத சுவாமி கோயிலுக்கு மூன்று, மற்ற மூன்று கோயில்களுக்கும் ஒவ்வொன்று. மூன்றாம் நாள் சாயங்காலம் ஆறும் தேர்முட்டியில் கூடும். அந்த மூன்று நாளும் என் மெஸ்ஸில் இலை எடுக்க ஆள் போதாது. நாலாம் நாள் ஈ ஓட்டுவேன், அது வேறு கதை.

போன தேருக்குச் சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மா, சாப்பிட்டு முடித்து, "இந்தக் கொண்டாட்டம் யார் போட்டது?" என்றார். (இங்கே வற்றலுக்குக் கொண்டாட்டம் என்றுதான் பெயர், சிரிக்காதீர்கள்.) எதிர்வீட்டு மாமியைக் காட்டினேன். திண்ணையில் உட்கார்ந்தவர் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போனார். இப்போது மாமி மாசாமாசம் சென்னைக்குக் கூரியர் போடுகிறார். சுண்டைக்காய் நறுக்க அடுத்த வீட்டிலிருந்து இரண்டு பேரைச் சேர்த்திருக்கிறார்.

ஒலவக்கோடு ஆட்டோ:
உங்களுக்குத் தேர். எங்களுக்கு ஒரு மாநாடு வாய்த்தது. கல்லூரி பெயர் வேண்டாம். இரண்டு நாள், வெளியூர்க் கூட்டம். எல்லாருக்கும் ரூம் கோவையில். காலையில் வாளையார் எல்லை தாண்டி பஸ்ஸில் வந்தார்கள், இருட்டும்போது அதே பஸ்ஸில் போனார்கள். மத்தியானச் சாப்பாடுகூட கோவையிலிருந்து வேனில் வந்தது! கிடைத்தது ஒரே சவாரி. கழுத்தில் பேட்ஜோடு ஒருத்தர் ஓடிவந்து, "திப்பு கோட்டையைப் பார்க்கணும், அரை மணியில் திரும்பணும்" என்றார். கட்டியது ஹைதர் அலி, 1766இல் என்று சொல்லிக்கொண்டே போனேன். அகழியைச் சுற்றுவதற்குள் போன் வந்துவிட்டது. "அடுத்த தடவை குடும்பத்தோடு வந்து தங்குறேன்" என்றார். எங்கே தங்குவது என்று என்னையே கேட்டார்.

கொச்சிக்குப் போன கொல்லங்கோட்டுக்காரன்:
2012 டிசம்பரில் பினாலே என்கிற கலைக் கண்காட்சி முதல் தடவையாகத் தொடங்கியபோது ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோம்ஸ்டேயில் சமையல் வேலை பார்த்தேன். வைத்திருந்த சிற்பங்களில் பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் அது மூன்று மாதம் நடந்தது. ஆஸ்பின்வால் ஹவுஸ் மாதிரி பழைய கட்டடங்களில் நடத்தியதால் தச்சர், எலக்ட்ரீஷியன், பெயின்டர் எல்லாருக்கும் வேலை. பார்க்க வந்தவர்களும் அங்கேயே ரூம் எடுத்து, நடந்தே சுற்றினார்கள். டீக்கடை வரைக்கும் காசு இறங்கியது.

கல்பாத்தி மெஸ்:
ஆட்டோ அண்ணா, உங்கள் பேட்ஜ்காரர் நம்பர் இருக்கிறதா? என் மாடியில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது. பாத்ரூமுக்கு மட்டும் கதவு மாற்றணும்.