நாஸ்ல ஒரு டிஸ்க் போச்சு, புதுசு போட்டும் ரீபில்ட் 3 நாளா 11%லயே நிக்குது, என்ன பண்றது?

சாட்ஸ்வர்த்_மருமக:
எல்லாருக்கும் வணக்கம், டர்பன் சாட்ஸ்வர்த்ல இருந்து எழுதுறேன், கொஞ்சம் அவசரம். வீட்டுல ரெண்டு டிஸ்க் போடுற நாஸ் ஒண்ணு (வீட்டு நெட்வொர்க்ல ஃபைல் வெச்சு எடுக்கற பெட்டி) இருக்கு, ரெண்டும் 4 டிபி, ரெய்டு 1 (ரெண்டு டிஸ்க்குலயும் ஒரே ஃபைல் இருக்கும்), 2019ல ஒரே கடையில ஒரே நாள்ல வாங்கினது. லோட் ஷெடிங் (முறை வெச்சு கரண்ட் கட் பண்றது) 2024 மார்ச்சுக்கு அப்புறம் பெரும்பாலும் நின்னுடுச்சு, ஆனா எங்க தெருவுல டிரான்ஸ்ஃபார்மர் கோளாறு கேபிள் கோளாறுன்னு கரண்ட் போயிட்டேதான் இருக்கு. போன வாரம் ஒரே ராத்திரியில மூணு தடவை போயி வந்துச்சு, காலையில பாத்தா நாஸ் பீப் பீப்னு கத்துது, டிஸ்க் 2 ஃபெயில். உடனே புதுசு வாங்கி மாட்டினேன். டிஸ்க் 1ல இருக்கறத புதுசுக்கு காப்பி பண்ற ரீபில்ட் முதல் நாள் 11% போச்சு, அதோட சரி, மூணு நாளா அங்கயே நிக்குது, நடுவுல டிஸ்க் 1லயும் வார்னிங் வருது.

அதுக்குள்ள இருக்கறது சாதாரண ஃபைல் இல்லைங்க. எங்க மாமியார் சின்ன வயசுல மேகசின் பேரக்ஸ்ல (டர்பன் முனிசிபாலிட்டியோட இந்தியத் தொழிலாளிங்க குடியிருப்பு) இருந்தவங்க, 60கள்ல எல்லாரையும் காலி பண்ணி சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினப்ப இங்க வந்தாங்க. அவங்க அம்மா பாடின தாலாட்டு, ஒப்பாரி, இங்க சிக்ஸ் ஃபுட் டான்ஸ்னு சொல்ற தெருக்கூத்துல வர்ற பாட்டு எல்லாத்தையும் அவங்கள பாட வெச்சு நாலு வருஷமா ரெக்கார்ட் பண்ணினேன், 60 மணி நேரத்துக்கு மேல இருக்கும். இப்ப அவங்க இல்ல. ரெய்டு இருக்கே, ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கும்னு நம்பி வேற எங்கயும் காப்பி வெக்கல. தயவுசெஞ்சு சொல்லுங்க.

ஸ்டோரேஜ்_ஜோபர்க்:
அக்கா, இந்த ரீபில்ட் இனிமே வேணாம். பிளக்க புடுங்காதீங்க, மெனுல போயி ஷட்டவுன் குடுங்க. ரெண்டு பழைய டிஸ்க்குலயும் 1, 2ன்னு டேப் ஒட்டி எழுதி வைங்க, அப்புறம் எது எதுன்னு குழம்பிடும். ஃபெயில்னு சொன்ன டிஸ்க்கையும் தூக்கிப் போட்டுறாதீங்க.

புது டிஸ்க் மாடல் நம்பர் என்ன? எஸ்எம்ஆர் டிஸ்க்கா இருந்தா ரீபில்ட் இழுக்கும். ஓட்டு வீட்டுல ஒரு ஓட்டுமேல இன்னொரு ஓடு ஏறி இருக்கும் பாருங்க, எஸ்எம்ஆர்ல டிராக் (டேட்டா எழுதற கோடு) எல்லாம் அப்படித்தான் எழுதியிருக்கும், ஒரு இடத்த மாத்தணும்னா பக்கத்துல இருக்கறதையும் சேத்து திருப்பி எழுதணும். 2020 ஏப்ரல்ல வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனியோட டபிள்யூடி ரெட்ல 2ல இருந்து 6 டிபி வரைக்கும் சில மாடல் எஸ்எம்ஆர்னு வெளிய வந்துச்சு, அதுவரைக்கும் டப்பாவுல அத சொல்லவே இல்ல, நாஸுக்குன்னே விக்கிற டிஸ்க்குல. அப்புறம்தான் சிஎம்ஆர் (டிராக் ஒண்ணுமேல ஒண்ணு ஏறாம எழுதற பழைய முறை) வேணுங்கிறவங்களுக்கு ரெட் பிளஸ்னு பேர் பிரிச்சாங்க.

சாட்ஸ்வர்த்_மருமக:
தம்பி ஷட்டவுன் பண்ணிட்டேன், டேப்பும் ஒட்டியாச்சு. புதுசு சிஎம்ஆர்தான், கடையில கேட்டுத்தான் வாங்கினேன். டிஸ்க் 1 ஸ்மார்ட்ல (டிஸ்க் தன் நிலைமைய தானே குறிச்சு வெக்கிற பட்டியல்) 197ன்னு ஒரு வரி இருக்கு, திங்கக்கிழமை 8, இன்னிக்கு 112. 199ல பூஜ்யம்.

கேப்டவுன்_பழசு:
அப்ப புது டிஸ்க்மேல குத்தம் இல்லம்மா, டிஸ்க் 1தான் சாகக் கிடக்குது. 197ங்கிறது படிக்க முடியாம நிலுவையில நிக்கிற செக்டார் (டிஸ்க்குல ஒரு சின்ன துண்டு) எண்ணிக்கை, ரெண்டு மூணு நாள்ல 8 வந்து 112 ஆகுதுன்னா ஒவ்வொரு மணி நேரமும் உங்களுக்கு நஷ்டம். 199 ஏறியிருந்தா கேபிள், கனெக்டர் பக்கம் சந்தேகப்படலாம், அது பூஜ்யம்னா டிஸ்க்கேதான். ரீபில்ட் ஏன் அபாயம்னா, உங்க பாட்டு மொத்தம் 100 ஜிபி இருக்குமா, ஆனா ரீபில்ட் காலி இடத்தையும் சேத்து 4 டிபியையும் மூலை முடுக்கு விடாம படிக்கும், உசுர கையில புடிச்சிட்டு இருக்கிற டிஸ்க்கை ஓடச் சொல்ற மாதிரி. ஒரே நாள்ல வாங்கி ஒரே வீட்டுல ஒரே கரண்ட்டுல ஓடினது, ஒண்ணு சாஞ்சா இன்னொண்ணும் கிட்டத்தட்ட அதே நிலைமையிலதான் இருக்கும்.

கரண்ட் பட்டுனு போறப்ப என்ன ஆகுதுன்னா, நாஸ் மெமரில வெச்சிருந்து இன்னும் எழுதாதது போயிடும், எழுதிட்டு இருந்தது பாதில நிக்கும், டிஸ்க்குல ஹெட்டு (படிச்சு எழுதற முனை) அவசர அவசரமா ஒதுங்கும். ஸ்மார்ட்ல 192 பாருங்க, அந்த எண்ணிக்கை அதுலதான் ஏறும். திரும்பி வர்றப்ப வோல்டேஜ் எகிறுறது அதுக்கும் மேல.

இப்ப செய்ய வேண்டியது: டிஸ்க் 1ஐ யுஎஸ்பி டாக்ல (டிஸ்க்கை வெளிய வெச்சு மாட்டுற ஸ்டாண்ட்) போட்டு லினக்ஸ் இருக்கிற கம்ப்யூட்டர்ல மாட்டுங்க. விண்டோஸ்ல வேணாம், ஃபார்மட் பண்ணவான்னு கேக்கும், தெரியாம யாராவது ஓகே குடுத்துடுவாங்க. டிடிரெஸ்க்யூன்னு ஒரு புரோகிராம் இருக்கு, அது நல்லா படிக்கிற இடத்த முதல்ல எடுத்துட்டு திணறுற இடத்துக்கு கடைசியா திரும்பி வரும், எதுவரைக்கும் படிச்சதுன்னு குறிக்கிற மேப் ஃபைல் வெச்சிருந்தா நடுவுல நிறுத்தி திரும்ப விட்ட இடத்துல இருந்து தொடங்கலாம். 4 டிபிக்கு குறையாத வேற டிஸ்க்குக்கு அப்படியே இமேஜ் (முழு டிஸ்க்கோட நகல்) எடுங்க, அப்புறம் அந்த இமேஜை ரீட் ஒன்லியா (படிக்க மட்டும்) மவுண்ட் பண்ணி, அதாவது தொறந்து, ஃபைல எடுங்க. டிஸ்க் மேல ஃபேன் ஒண்ணு வைங்க, டர்பன் வெயிலுக்கு டாக்ல சும்மா வெச்சா கொதிக்கும். டக் டக்னு சத்தம் கேட்டா உடனே நிறுத்திட்டு, ரெக்கவரி லேப்ல குடுங்க, செலவுதான், வேற வழி இல்ல.

ஃபீனிக்ஸ்_கோயில்பையன்:
அக்கா எங்க வீட்டுல நடந்தத சொல்றேன். 2022 ஏப்ரல் வெள்ளத்துல தண்ணி ஜன்னல் வரைக்கும் வந்துச்சு. நாஸும் அதோட யுஎஸ்பி பேக்கப் டிஸ்க்கும் ஒரே அலமாரில, ரெண்டும் சேத்தி. காவடி வீடியோ பத்து வருஷத்துது ஒண்ணு மிச்சமில்ல. அதுக்கப்புறம் ஒரு காப்பி வீட்டுல, ஒரு காப்பி கழட்டி அத்தை வீட்டுல, ஒண்ணு கிளவுட்ல. அத்தை வீட்டு டிஸ்க்கை மாசம் ஒரு தடவை மாத்துவேன். நாஸை நேரா இன்டர்நெட்டுக்கு தொறந்தும் விடாதீங்க, 2021 ஜூன்ல டபிள்யூடியோட மை புக் லைவ்ங்கிற நெட்வொர்க் டிஸ்க் வெச்சிருந்த எத்தனையோ பேருக்கு வெளிய இருந்து ரீசெட் அடிச்சு மொத்தமும் அழிஞ்சு போச்சு, ரெய்டு இருந்தாலும் அழிக்கறது ரெண்டு டிஸ்க்குலயும்தான் அழியும்.

சாட்ஸ்வர்த்_மருமக:
அண்ணா, தம்பிங்களா, முடிஞ்சுது. பக்கத்து வீட்டு பையன் லினக்ஸ் போட்டுக் குடுத்தான், ரெண்டு நாள் ஓடுச்சு, நான் பக்கத்துலயே பாய் விரிச்சு படுத்தேன். மூணு ஃபைல் தவிர எல்லாம் வந்துடுச்சு. ஒப்பாரி ஒண்ணு 4 நிமிஷத்துல கரகரன்னு நின்னுபோகுது, அது மட்டும் மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு. மீதிய ரெண்டு டிஸ்க்குல எடுத்து, ஒண்ணு நாத்தனார் வீட்டுக்கு பீட்டர்மாரிட்ஸ்பர்க் போயாச்சு. ஃபெயில் ஆன டிஸ்க் 2ல அந்த மூணும் இருக்குமா? யுபிஎஸ்ஸும் வாங்கணும், வீட்டுல இன்வர்ட்டர் இருக்கு, அது போதாதா?

கேப்டவுன்_பழசு:
ரொம்ப சந்தோஷம்மா. டிஸ்க் 2ல இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு, ரெண்டு டிஸ்க்கும் ஒரே இடத்துல கெடறது அபூர்வம், அதையும் அதே மாதிரி தனி இமேஜா எடுத்து அந்த மூணு ஃபைல மட்டும் தேடுங்க. இன்வர்ட்டர் சில மாடல்ல மாறுற அந்த நொடிக்குள்ள நாஸ் அணைஞ்சு எழும், பேட்டரி தீரப்போகுதுன்னு நாஸுக்கு சொல்லவும் சொல்லாது. யுஎஸ்பி கேபிள்ல நாஸோட பேசுற யுபிஎஸ் வாங்குங்க, உங்க நாஸ் மாடல் அதோட லிஸ்ட்ல இருக்கான்னு பாத்துக்குங்க. கரண்ட் போயி 5 நிமிஷத்துல தானா ஷட்டவுன் ஆகுற மாதிரி செட் பண்ணிட்டு, ஒரு நாள் நீங்களே சுவத்துல பிளக்க கழட்டி நிஜமா அணையுதான்னு பாருங்க. டிஸ்க் 2 எப்படி போகுதுன்னு இங்கயே எழுதுங்க, பாத்துட்டு இருப்பேன்.