மேக் மினி எம்4 வரும்வரை காத்திருக்கலாமா? பழைய கம்ப்யூட்டர் உறைந்து நிற்கிறது, அவசரம்

முகூர்த்தம்77 | 2024 அக்டோபர் 9, இரவு 11.40
வணக்கம். கம்ப்யூட்டர் அடிக்கடி அப்படியே உறைந்து நின்றுவிடுகிறது, வேலையே ஓடவில்லை. புதிதாக ஆப்பிளின் மேக் மினி (சின்னப் பெட்டிக் கம்ப்யூட்டர்) வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். கடையில் எம்2 சிப் வைத்த மாடல் ரூ. 59,900 சொல்கிறார்கள். மச்சினன் என்னடாவென்றால் இன்னும் ஒரு மாதத்தில் எம்4 வருகிறது, உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிடும், பழைய யூஎஸ்பி துளையே இருக்காது என்கிறான். உண்மையா? என்னிடம் ஒரு யூஎஸ்பி டாங்கிள் இருக்கிறது, அது இல்லாவிட்டால் எனக்குப் பிழைப்பே இல்லை. துளை இருக்கும்போதே எம்2-வை வாங்கிவிடவா, காத்திருக்கவா? கார்த்திகை முகூர்த்த வேலை வருவதற்குள் முடிவெடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

நெல்லைத்தம்பி | அக்டோபர் 9, இரவு 11.58
காத்திருங்கள் அண்ணா. ப்ளூம்பெர்கின் மார்க் குர்மன் ஆகஸ்டிலேயே எழுதிவிட்டார், புது மினி ஏறக்குறைய ஆப்பிள் டிவி பெட்டி அளவுக்கு வரும் என்று. 2010-இல் வந்த அந்த 19.7 செ.மீ. சதுர அலுமினிய உடம்பைப் பதினாலு வருடமாக மாற்றவே இல்லை, இப்போதுதான் கை வைக்கிறார்கள். யூஎஸ்பி-சி (சின்ன நீள்வட்டத் துளை) மட்டும் ஐந்து, அதில் இரண்டு முன்பக்கம், பழைய அகலத் துளை கிடையாது என்றும் பேச்சு. அதைவிடப் பெரிய செய்தி நினைவகம். ரஷ்ய யூடியூபர்கள் சிலர் வெளிவராத எம்4 மேக்புக் ப்ரோவைப் பிரித்துக் காட்டினார்களே, அந்தப் பெட்டியில் அடிப்படை மாடலுக்கே 16 ஜிபி என்று இருந்தது. மினிக்கும் அதுவே வந்தால் 8 ஜிபி எம்2-வை இதே விலைக்கு வாங்கியவர்கள் வருத்தப்படுவார்கள்.

எஸ்எம்பிஎஸ்_குமார் | அக்டோபர் 10, காலை 6.15
முதலில் எஸ்எம்பிஎஸ்ஸை (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) மாற்றிப் பாருங்கள். உறைந்து நிற்பதில் பாதி கேஸ் எஸ்எம்பிஎஸ்தான். மதர்போர்டில் கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கல்லிடை_ரவி | காலை 7.02
ராமைக் (நினைவகத் தகட்டைக்) கழற்றி, அந்தத் தங்க நிற ஓரத்தை அழிரப்பரால் தேய்த்துத் திரும்பப் போடுங்கள். எங்கள் வீட்டில் மூன்று முறை வேலை செய்திருக்கிறது.

மதுமிதா_திரை | காலை 7.30
நண்பரே, இப்போது இருப்பது என்ன கம்ப்யூட்டர்? என்ன விண்டோஸ்? மானிட்டரில் எச்டிஎம்ஐ இருக்கிறதா, வீஜிஏ மட்டும்தானா? மினியோடு மானிட்டர், கீபோர்ட், மவுஸ் எதுவும் வராது, 2005-இல் முதல் மினி வந்தபோதிருந்தே அப்படித்தான். அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொண்டீர்களா?

ஆதிகால_சிப் | காலை 9.10
கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. "உறைந்து நிற்கிறது", "ஒரு டாங்கிள்" என்றால் யாருக்கு என்ன புரியும்? இருபது வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன், டாங்கிள் என்ன டாங்கிள் என்று சொல்லாமல் மேக் பற்றிக் கேட்பவரை இப்போதுதான் பார்க்கிறேன். அது எந்த மென்பொருளுக்கு? அந்த மென்பொருள் மேக்கில் ஓடுமா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு எம்4 பற்றிக் கனவு காணுங்கள்.

முகூர்த்தம்77 | மதியம் 1.25
மன்னிக்கவும், வேலை அவசரத்தில் எழுதிவிட்டேன். அசெம்பிள் செய்த பழைய கம்ப்யூட்டர், விண்டோஸ் 7. வீட்டிலிருந்தே டிடிபி (கம்ப்யூட்டரில் அச்சுக்குப் பக்கம் அமைக்கும் வேலை) செய்கிறேன், கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம். பக்கம் வடிவமைக்க பேஜ்மேக்கர் 7 என்ற பழைய மென்பொருள். டிரேஸிங் பேப்பரில் லேசர் பிரிண்ட் எடுத்து ஆஃப்செட்டுக்குக் கொடுத்துவிடுவேன். டாங்கிள் தமிழ் எழுத்துரு மென்பொருளுக்கு, அது செருகியிருந்தால்தான் தமிழ் அடிக்க முடியும். மானிட்டர் வீஜிஏ. எஸ்எம்பிஎஸ் போன வருடம்தான் மாற்றினேன், ராமையும் தேய்த்தாயிற்று. உறையும்போது பெட்டிக்குள் டக், டக் என்று சத்தம் வருகிறது, பிறகு தானாகச் சரியாகிறது.

ஆதிகால_சிப் | மதியம் 1.40
பேஜ்மேக்கரா! இதை முதல் வரியில் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்.

மதுமிதா_திரை | மதியம் 2.05
டக் டக் சத்தம் என்றால் ஹார்டு டிஸ்க் போகப்போகிறது. எம்2, எம்4 எல்லாம் அப்புறம். முதலில் உங்கள் பேஜ்மேக்கர் கோப்புகளையும் எழுத்துரு ஃபோல்டரையும் ஒரு பென் டிரைவில் எடுத்துவிடுங்கள், இப்போதே. பிறகு டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைப் போட்டுப் பார்த்து 05, சி5 என்ற இரண்டு வரிகளில் என்ன எண் காட்டுகிறது என்று சொல்லுங்கள். 05 என்பது கெட்டுப்போய் ஓரங்கட்டப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு பகுதிகள்), சி5 என்பது படிக்க முடியாமல் தொங்கிக்கொண்டிருப்பவை. சி5-இல் எண் இருந்தால், டிஸ்க் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயலும்போதுதான் உங்கள் திரை உறைகிறது.

நெல்லைத்தம்பி | மாலை 4.20
அண்ணா, துளை பற்றிக் கவலையே வேண்டாம். யூஎஸ்பி-சி மாற்றி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, டாங்கிளைச் செருகலாம். பேஜ்மேக்கருக்கு மேக்கில் பேரலல்ஸ் (மேக்குக்குள் விண்டோஸை ஓட்டும் மென்பொருள்) போட்டு விண்டோஸ் 11 ஓட்டலாம், 2023 பிப்ரவரியிலேயே மைக்ரோசாஃப்ட் அனுமதி கொடுத்துவிட்டது. ஆகவே எம்4-க்குக் காத்திருங்கள் என்பதே என் கருத்து.

டிரைவர்_செந்தில் | மாலை 5.45
தம்பி, இந்த இடத்தில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள். துளையின் வடிவம் ஒரு பொருட்டே இல்லை. எம்1 வந்ததிலிருந்து மேக்கில் பூட்கேம்ப் (விண்டோஸை நேரடியாகப் போடும் வசதி) கிடையாது, பேரலல்ஸில் ஓடுவது மேக்கில் இருக்கும் ஆர்ம் வகை சிப்புக்கான விண்டோஸ். அதில் பழைய மென்பொருள்கள் பல ஓடிவிடும், ஏனென்றால் பயனர் நிரல்களை அது மொழிமாற்றி ஓட்டும். டிரைவரை (கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் நிரல்) அப்படி ஓட்டாது. கெர்னலுக்குள் (விண்டோஸின் உள்மையத்துக்குள்) உட்காரும் டிரைவர் ஆர்முக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வந்த ஒரு தமிழ் எழுத்துரு டாங்கிளுக்கு யார் இப்போது உட்கார்ந்து ஆர்ம் டிரைவர் எழுதியிருப்பார்கள்? எம்2-வில் அகலத் துளை இரண்டு இருக்கிறது, டாங்கிள் அழகாக உள்ளே போகும், விளக்குகூட எரியலாம். ஆனால் "டாங்கிள் இல்லை" என்றுதான் மென்பொருள் சொல்லும். அதனால் எம்2-வா எம்4-ஆ என்ற கேள்வியே இவருக்குப் பொருந்தாது. துளை போய்விடுமே என்று பயந்து இப்போது அறுபதாயிரம் கொடுத்து எம்2 வாங்கினால் அதுதான் பெரிய நஷ்டம்.

யாழ்_எழுத்து | மாலை 6.30
நான் வேறொன்று கேட்கிறேன். 2024-இலும் டாங்கிள் வைத்த எழுத்துருவா? 2010 செம்மொழி மாநாட்டின்போதே தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் (தமிழ் எழுத்துகளுக்கான குறியீட்டு முறைகள்) தரமாக அறிவித்துவிட்டது. 2012-இல் வந்த பக்க வடிவமைப்பு மென்பொருள் இன்டிசைன் சிஎஸ்6-இலேயே தமிழ் யூனிகோடு சேர்க்கை வந்துவிட்டது. நாங்களும் ஒரு காலத்தில் பாமினியில்தான் கிடந்தோம், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்காரவைத்த எழுத்துரு, அது இல்லாத கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கல். மாறிவிட்டோம். இவரும் மாறினால் டாங்கிளும் வேண்டாம், பேஜ்மேக்கரும் வேண்டாம், எந்த மேக்கும் ஓடும்.

ஆதிகால_சிப் | இரவு 7.10
சொல்வது சுலபம். அச்சகத்துக்காரர்களிடம் இருக்கும் பழைய எழுத்துருக்களின் வகை யூனிகோடில் எங்கே இருக்கிறது? பத்திரிகைத் தலைப்புக்குப் போடும் அந்த வளைந்த தடித்த எழுத்தை ஒன்று காட்டுங்கள் பார்ப்போம்.

யாழ்_எழுத்து | இரவு 7.35
பத்து வருடத்துக்கு முன் நீங்கள் சொன்னது சரி. இப்போது இலவசமாகவே எத்தனையோ வந்துவிட்டன. அதோடு, வாடிக்கையாளர் இன்று பெயர்களை எதில் அனுப்புகிறார்? வாட்ஸப்பில், யூனிகோடில். அதை பேஜ்மேக்கரில் ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிதான் வரும். திரும்ப உட்கார்ந்து அடிக்கும்போதுதான் மாப்பிள்ளை பெயரில் "ண"வும் "ன"வும் இடம் மாறுகிறது.

ஆதிகால_சிப் | இரவு 7.50
என்எச்எம் கன்வர்ட்டர் என்று ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியாதா? யூனிகோடை ஒட்டினால் பழைய எழுத்துருக் குறியீட்டுக்கு மாற்றிக் கொடுத்துவிடும். தமிழ்99 விசைப்பலகை பற்றிப் பேசிய 1999 மாநாட்டுக் காலத்திலிருந்து இந்தச் சண்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

டிரைவர்_செந்தில் | இரவு 8.15
ஐயா, இரண்டு பேரும் சொல்வது நியாயம்தான், தனி இழை திறந்து பேசுங்கள், நானும் வருகிறேன். இங்கே ஒருவருடைய டிஸ்க் டக் டக் என்கிறது.

முகூர்த்தம்77 | அக்டோபர் 11, காலை 10.05
05-இல் 3, சி5-இல் 48. மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டுகிறது. கோப்புகளை எடுத்துவிட்டேன், இரண்டு ஃபைல் மட்டும் வரவில்லை. பேஜ்மேக்கர் சிடி, எழுத்துரு சிடி இரண்டும் என்னிடம் இல்லை, நிறுவிக் கொடுத்தவர் இப்போது தொழிலில் இல்லை. புதிதாக விண்டோஸ் போட்டால் எல்லாம் போய்விடுமே?

மதுமிதா_திரை | காலை 10.40
போகாது. சிடி இல்லாததால்தான் முழு டிஸ்க்கையும் அப்படியே படி எடுக்க வேண்டும். 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) ஒன்று வாங்குங்கள், அளவு பழைய டிஸ்க்கைவிடக் குறையக் கூடாது. சாதாரண குளோனிங் மென்பொருள் கெட்ட செக்டரில் முட்டி நின்றுவிடும், லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். முதல் சுற்றில் நல்ல பகுதிகளை எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியாக வரும், எங்கே விட்டோம் என்பதையும் ஒரு கோப்பில் குறித்துக்கொள்ளும். பயமாக இருந்தால் பக்கத்தில் நல்ல டெக்னீஷியனிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். அதுவரை அந்தக் கம்ப்யூட்டரை ஆன் செய்யாதீர்கள், ஒரு பத்திரிகைக்காகக்கூட. இன்னொன்று, விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. ஓடத் தொடங்கியதும் இணையக் கேபிளைக் கழற்றிவிட்டு பேஜ்மேக்கருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லிடை_ரவி | மதியம் 12.20
ராம் ஓரத்தை இன்னொரு தடவை தேய்த்துப் பார்ப்பதில் தப்பில்லை.

நெல்லைத்தம்பி | அக்டோபர் 30, காலை 8.00
அறிவித்துவிட்டார்கள்! நேற்று இரவு. 12.7 செ.மீ. சதுரம், 5 செ.மீ. உயரம், அடிப்படையே 16 ஜிபி, இந்தியாவில் அதே ரூ. 59,900. முன்னால் யூஎஸ்பி-சி இரண்டு, பின்னால் அதே வடிவத்தில் தண்டர்போல்ட் மூன்று, அகலத் துளை இல்லை. பவர் பட்டனை மட்டும் அடிப்பக்கம் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள், அது யாரும் சொல்லாதது. முகூர்த்தம் அண்ணா, என்ன ஆயிற்று?

முகூர்த்தம்77 | நவம்பர் 14, இரவு 10.15
எஸ்எஸ்டி போட்டாச்சு. டாங்கிள், எழுத்துரு, பேஜ்மேக்கர் எல்லாம் பழையபடி அப்படியே ஓடுகிறது. சத்தம் இல்லை, உறையவும் இல்லை. மேக் வாங்கவில்லை. பத்திரிகை வேலை குவிந்து கிடக்கிறது, எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

யாழ்_எழுத்து | நவம்பர் 14, இரவு 10.50
மகிழ்ச்சி. தை மாதத்துக்குள் ஒரே ஒரு பத்திரிகையை மட்டும் யூனிகோடில் செய்து பாருங்கள், எழுத்துரு நான் அனுப்புகிறேன்.

மதுமிதா_திரை | நவம்பர் 15, காலை 6.45
பழைய டிஸ்க்கைத் தூக்கிப்போடாதீர்கள், ஃபார்மட்டும் செய்ய வேண்டாம். வராமல் போன அந்த இரண்டு ஃபைல் இன்னும் அதில்தான் இருக்கின்றன.