வரலாற்றுக் கட்டுரைக்கு முதன்மைச் சான்று தேடிய அனுபவங்கள்: கடலூர், புதுச்சேரி

மஞ்சக்குப்பத்திலிருந்து:

அண்ணன் மகள் பி.ஏ. வரலாறு படிக்கிறாள். தேவனாம்பட்டினம் கோட்டையைப் பற்றிக் கட்டுரை. "சித்தப்பா, முதன்மைச் சான்று, அதாவது அந்தக் காலத்திலேயே எழுதின மூல ஆவணம், இல்லாம வந்தா வாங்க மாட்டேன்னு சார் சொல்லிட்டாரு"ன்னு வந்து நின்னாள். கையில் இருந்ததெல்லாம் ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதிய இணையக் கட்டுரைகள். கோட்டையை நேரில் போய்ப் பார்க்கலாம்னா, 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்தது போக மிச்சம் அதிகமில்லை.

"அன்னிக்கு நடந்ததை அன்னிக்கே எழுதி வைக்கிற வேலை யாருக்கு இருந்துச்சு? அவங்களைத் தேடு"ன்னேன். 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும், 1752 வரை ஆங்கிலக் கும்பினிக்கு இந்தக் கரையில் தலைமையிடம் நம்ம ஊர்க் கோட்டைதான். அங்கே நடந்த ஆலோசனைக் கூட்டக் குறிப்புகளில் பல தொகுதிகளை சென்னை ஆவணக் காப்பகம் பிற்பாடு அச்சிட்டிருக்கு. எதிராளி பக்கம், கூப்பிடு தூரத்துப் புதுச்சேரியில், பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவின் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதிக்கிட்டு இருந்தார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வந்தது. இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் வேடிக்கை. சென்னை சரணடைந்த நாள் ஆங்கிலேயர் கணக்கில் 1746 செப்டம்பர் 10, பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. "யாரோ பொய் சொல்றாங்க"ன்னாள். யாரும் பொய் சொல்லலை. ஆங்கிலேயர் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியை விடலை. பிரெஞ்சுக்காரர் எப்பவோ கிரிகோரியனுக்கு மாறியாச்சு. நடுவில் 11 நாள். போதாக்குறைக்கு ஆங்கிலேயருக்கு அப்போ மார்ச் 25-ல்தான் புதுவருஷம் பிறக்கும். அதனால் ஜனவரி, பிப்ரவரித் தாள்களில் வருஷத்தை இரண்டு தடவை பார்க்கணும். பிள்ளையோ அட்சய வருஷம், தமிழ் மாசம், தேதி, கிழமைன்னு போவார். மூன்றையும் ஒரே அட்டவணையில் போடச் சொன்னேன். அவள் கட்டுரையில் எனக்குப் பிடிச்ச பக்கம் அதுதான்.

ஒண்ணு கவனிங்க. அந்த ஆங்கிலத் தொகுதிகளின் முன்னுரையும் அடிக்குறிப்பும் பதிப்பாசிரியர் எழுதினது. அது முதன்மைச் சான்று ஆகாது. படிக்கிற பசங்க நேரே முன்னுரைக்குப் போய் அள்ளிக்கிட்டு "ஆனந்தரங்கப் பிள்ளை கூறுகிறார்"னு எழுதிடுதுங்க. பிள்ளையையும் அப்படியே நம்ப வேண்டாம். வியாபாரி, டூப்ளே தயவில் பதவியில் இருந்தவர், தனக்குப் பிடிக்காதவங்களைப் பற்றி எழுதும்போது பேனா சும்மா இருக்காது. அதையும் கட்டுரையில் சொன்னா மார்க் கூடும்.

முதலியார்பேட்டையிலிருந்து:

அண்ணா, உங்க பொண்ணுக்கு அச்சுப் புத்தகமாவது கிடைச்சுது. என் மகன் எடுத்தது 1936 ஜூலை 30, புதுச்சேரி சவானா பஞ்சாலையில் நடந்த துப்பாக்கிச் சூடு. பன்னிரண்டு தொழிலாளிங்க செத்த நாள். புதுச்சேரியில் பாதிப் பேர் வீட்டுத் தாத்தா ஏதோ ஒரு மில்லில் இருந்தவர்தானே, எங்க தெருவிலேயே கேட்கலாம்னு கிளம்பினான். ஒரு பாட்டி, அவங்க மாமனார் சொன்னதா ஒரு கதை சொன்னாங்க. சங்கு ஊதினது, பொம்பளைங்க கதவைச் சாத்தினது, ராத்திரி வீட்டில் அடுப்பு எரியாதது. கேட்கிறப்போ எனக்கே கண் கலங்கிடுச்சு. ஆனா அவன் வாத்தியார் விடலை: அந்தப் பாட்டி அப்போ பிறக்கவே இல்லை, கேட்டதைச் சொல்றாங்க. யார், எப்போ, யாரிடம் கேட்டுச் சொன்னதுன்னு எழுதி, அந்தக் காலத்துப் பத்திரிகையோட ஒத்துப் பார்த்தா சேர்த்துக்கலாம்னார். நியாயம்தான்.

பிரெஞ்சு தெரியாதது பெரிய தடை. ஆட்சி அவங்களோடது, தாளெல்லாம் அந்த மொழியில்தான். பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிகா தளத்தில் பழைய பத்திரிகைகள் கிடைக்குது. தெரு மூலையில் ஒரு ரிட்டயர்டு பிரெஞ்சு டீச்சர் உட்கார்ந்து வாசிச்சுச் சொன்னாங்க. அவங்க இல்லேன்னா கட்டுரையே இல்லை.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

நான் கல்லூரியில் பாடம் எடுக்கிறவள். பசங்க முக்கால்வாசிப் பேர் பாரதியைத்தான் எடுப்பாங்க. 1908-லிருந்து பத்து வருஷம் புதுச்சேரி, 1918 நவம்பரில் எல்லை தாண்டினதும் கைது, கடலூர்ச் சிறை. உணர்ச்சி பொங்க எழுதுவாங்க, சான்று ஒண்ணும் இருக்காது. 'இந்தியா' பத்திரிகை புதுச்சேரியிலிருந்து 1908 முதல் 1910 வரை வந்தது. அதோட ஒரு இதழை எடுத்து, தலைப்பிலிருந்து விளம்பரம் வரை வாசிச்சு ரெண்டு பக்கம் எழுதுங்கன்னு சொல்வேன். கடலூர் விடுதலைப் போராட்ட வீராங்கனை அஞ்சலை அம்மாளை எடுக்கிறவங்களுக்கு வேற வழி: சென்னையில் ஆங்கிலத் தளபதி நீல் சிலையை அகற்றக் கேட்ட 1927 போராட்டம், அரசாணைகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடணும்.

எங்கே போறதா இருந்தாலும் கல்லூரி முதல்வர் கையெழுத்தோட கடிதம், அடையாள அட்டை, பென்சில் மூணும் இருக்கணும். தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் புதுச்சேரியிலேயே ஒரு கிளை இருக்கு, சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. போறதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேட்டுக்கிட்டுப் போங்க. முதலியார்பேட்டை அக்கா, அந்த டீச்சர் இன்னும் ரெண்டு பசங்களுக்கு வாசிச்சுச் சொல்வாங்களா? என் வகுப்பில் ஒருத்தி புதுச்சேரி இந்தியாவோட சேர்றதுக்காக நடந்த 1954 கீழூர் வாக்கெடுப்பை எடுத்திருக்கா.