ஜூரி முன் சொத்துச் சேத வழக்கு: இங்கிலாந்தில் தற்காப்பு வாதம்

வழக்கு ஜூரியிடம் போகுமா என்பதையே முதலில் பாருங்கள். சேதம் 5,000 பவுண்டைத் தாண்டாவிட்டால் பெரும்பாலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டோடு சரி. அதிகபட்சம் 3 மாதச் சிறை. தாண்டினால் ஜூரி அமரும் கிரௌன் கோர்ட்டைக் கேட்கலாம், ஆனால் அங்கே உச்ச தண்டனை 10 ஆண்டு. ஜூரி ஆசையில் மதிப்பை ஏறவிடுவதற்கு முன் கட்சிக்காரரிடம் இதை விளக்கிவிட வேண்டும். சரிசெய்யக்கூடிய பொருளானால் பழுதுச் செலவு, புதிதாக வாங்கும் சந்தை விலை, இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. ஒரு கீறலுக்கு நிலையோடு புதுக் கதவு போட்ட ரசீதை அப்படியே ஏற்காதீர்கள். நினைவுச்சின்னங்களுக்கு 2022 சட்டத்துக்குப் பிறகு இந்த வரம்பு கிடையாது.

*

ஜூரி முன் போனபின் விலைச் சண்டை வீண். மதிப்பு குற்றத்தின் கூறே அல்ல. தண்டனைக்கும் நஷ்டஈட்டுக்கும்தான் அது வேண்டும். கட்சிக்காரரின் மனதில் என்ன இருந்தது என்பதில்தான் வழக்கு நிற்கும். 1974இல் ஸ்மித் என்ற வாடகைக்காரர், தான் பதித்த ஒயரை எடுக்கத் தானே போட்ட பலகைகளை உடைத்தார். சட்டப்படி அவை வீட்டுக்காரருடையவை. ஆனால் தனது என்று உண்மையாக நம்பியதால் தண்டனை ரத்தானது. அஜாக்கிரதை என்று குற்றம்சாட்டினாலும், அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் 2003 தீர்ப்புக்குப் பிறகு, ஆபத்தை அவரே உணர்ந்திருந்தார் என்று அரசுத் தரப்பு காட்ட வேண்டும். ஒரு எச்சரிக்கை: "குடிபோதையில் ஆபத்து தெரியவில்லை" என்ற வாதம் இங்கே எடுபடாது. அதே போதை, சொந்தக்காரர் சம்மதிப்பார் என்ற நம்பிக்கைக்கு மட்டும் தடையில்லை. விசித்திரம்தான்!

*

அந்தச் சம்மத வாதத்தைப் பற்றி: 1971 சொத்துச் சேதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, சேதத்தையும் அதன் சூழ்நிலையையும் அறிந்திருந்தால் சொந்தக்காரர் சம்மதித்திருப்பார் என்ற நம்பிக்கை நியாயமாக இருக்க வேண்டியதில்லை, உண்மையாக இருந்தால் போதும். ஆதாரம் ஓரளவு எழுப்பப்பட்டுவிட்டால் அதை முறியடிப்பது அரசுத் தரப்பின் பொறுப்பு. ஆனால் போராட்ட வழக்குகளில் இது வெகுவாகச் சுருங்கிவிட்டது. பிரிஸ்டலில் அடிமை வணிகர் கோல்ஸ்டனின் சிலையைச் சாய்த்த நால்வரை ஜூரி 2022 ஜனவரியில் விடுவித்தது. அதே ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம், பெரிய சேதத்துக்குக் கருத்துரிமை வாதம் செல்லாது என்றது. 2024 மார்ச்சில், பருவநிலை மாற்றத்தின் தீவிரம் சம்மத நம்பிக்கைக்கான 'சூழ்நிலை' ஆகாது என்றும் சொல்லிவிட்டது. ஆகவே, கட்சிக்காரர் கூண்டில் ஏறுவதற்கு முன்பே, எந்த வாதம் ஜூரிக்குப் போகும் என்று நீதிபதியிடம் முடிவு வாங்குங்கள். ஜூரிக்கான கேள்விகளின் எழுத்து வரைவையும் பார்த்துவிடுங்கள்: அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியதைக் கட்சிக்காரர் நிரூபிக்க வேண்டியது போல எழுதியிருந்தால் அப்போதே எதிர்க்க வேண்டும். முன்குற்றம் இல்லாதவர் என்றால் நன்னடத்தை அறிவுரையையும் (அவரது நற்பெயரைக் கணக்கில் எடுக்கும்படி நீதிபதி ஜூரிக்குச் சொல்வது) மறக்காமல் கேளுங்கள். வழக்கே அவர் சொல்வதை நம்புவதா இல்லையா என்பதில் நிற்கும்போது அதற்கு எடை அதிகம்.