ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா? எங்கே காட்டலாம்?

நண்பர்களே, வணக்கம். கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் சீல், போய்விட்டதோ என்று சந்தேகம். அப்பாவின் பழைய பெட்ரோல் கார், மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறினால் குஞ்சப்பனை தாண்டும்போதே டெம்பரேச்சர் முள் மேலே போய்விடுகிறது. கீழே சமவெளியில் ஒரு தொந்தரவும் இல்லை.

கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறது, ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால், வாயில் பொடிப் பொடியாகக் குமிழி வந்துகொண்டே இருக்கிறது. ஆக்சிலரேட்டர் கொடுத்தால் இன்னும் அதிகம். மூடியைப் போட்டு ஓடவிட்டால், தண்ணீர் சூடாகும் முன்பே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகிவிடுகிறது.

ஆயில் மூடிக்கு அடியில் பால் டீ நிறத்தில் பிசுக்கு இருக்கிறது. இந்தக் குளிரில் கடைத்தெருவுக்கு மட்டும் போய்வரும் வண்டிகளில் ஈரம் படிந்து அப்படி வருவது சகஜம் என்பதால் அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தம். சைலன்சரில் வெள்ளைப் புகை, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் நிற்காமல் வருவதுதான் பயமாக இருக்கிறது.

இங்கே ஒரு மெக்கானிக், தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கு ஏற்ப கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) கழற்றிவிட்டு ஓட்டுங்கள் என்கிறார். மனம் ஒப்பவில்லை. குமிழிக்கு அது எப்படி மருந்தாகும்?

ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவ டெஸ்ட், அதான், எரிந்த வாயு கலந்தால் மஞ்சளாகுமே, அது ஊட்டி, குன்னூர், மேட்டுப்பாளையத்தில் யாரிடம் இருக்கிறது? ஹெட்டைக் கழற்றினால் வளைவு பார்த்து லெவல் செய்யக் கோவைக்குத்தான் அனுப்ப வேண்டுமா? அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக இந்த வண்டிதான் இருக்கிறது. இறக்கத்தில் மெதுவாக ஓட்டிப் போகலாமா, இல்லை வேறு வண்டியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.